சிலம்பு முதல் குடம் வரை: தமிழ் நாவலில் பொருட்குறியீடு

பாண்டியன் அவையில் ஒரு சிலம்பு உடைகிறது. உள்ளிருந்து முத்துத் தெறித்திருந்தால் கோவலன் கள்வன்; மாணிக்கம் தெறித்தமையால் மன்னன் கள்வனாகிறான். ஓர் அரசின் நீதியும், ஒரு பெண்ணின் வாழ்வும், ஒரு நகரின் முடிவும் அந்தக் கணத்தில் ஓர் அணிகலனின் வயிற்றுக்குள் அடங்கியிருந்தன. தலைவன் பெயராலோ தலைவி பெயராலோ வழங்காமல், காலில் அணியும் அணி ஒன்றின் பெயரால் ஒரு பெருங்காப்பியம் வழங்குவதே தமிழ்க் கதைமரபு பொருள்களுக்கு அளித்துள்ள இடத்தைக் காட்டப் போதுமானது.

நாவல் என்னும் வடிவம் மேனாட்டார் தொடர்பால் தமிழுக்கு வந்தது. அதனோடு குறியீட்டு உத்தியும் அங்கிருந்தே வந்தது என்று கருதுவோர் உளர். வடிவம் பற்றிய கூற்று உண்மை. உத்தி பற்றிய கூற்று முழு உண்மையன்று. ஒரு பருப்பொருளைக் கதைக்குள் வைத்து, அதன் வழியே சொல்லாததைச் சொல்லும் கலை இம்மொழியில் இலக்கண நூலார் வரையறுத்துப் பேசும் அளவுக்குப் பழையது. அக்கலை நாவலுக்குள் எவ்வாறு நுழைந்தது, எங்கெங்கே வலுப்பெற்றது, எப்போது வலுவிழக்கிறது என்பவற்றைச் சில நாவல்களின் துணைகொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருப்பொருளும் உள்ளுறையும்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைத் தொல்காப்பியர் கருப்பொருள் எனத் தொகுக்கிறார். இப்பட்டியலைச் சற்று நின்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஓர் ஊரில் மனிதர் தொட்டும், உண்டும், கேட்டும், உழைத்தும் பழகுகின்ற அனைத்தும் இதில் அடங்கிவிடுகின்றன. இக்கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை பிறக்கிறது. கழனியில் எருமை தாமரையை மேய்கிறது என்றால் அது எருமையைப் பற்றிய செய்தி; அதே வேளையில் பரத்தையை நாடிய தலைவனைப் பற்றிய குற்றச்சாட்டு. தலைவி தலைவனைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எருமை மேய்ந்ததை மட்டுமே சொன்னாள்.

இங்குத் தொல்காப்பியர் விதிக்கும் ஒரு வரையறை சிறப்பாக நினைக்கத்தக்கது. கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சியவற்றையே உள்ளுறைக்கு நிலமாகக் கொள்ள வேண்டும் என்கிறார் அவர். இதன் காரணத்தை உரையாசிரியர்கள் தத்தம் வழியில் விளக்கலாம். படைப்பாளர் நோக்கில் ஒரு விளக்கம் இயல்பாகவே தோன்றுகிறது. தெய்வம் முன்னரே பொருள் நிரம்பியது. வணங்குவோர் அதற்குப் புதுப்பொருள் ஏற்ற இடமில்லை. எருமையும் தாமரையும் நண்டும் அத்தகையன அல்ல. அவை வெறுமையாக, தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. ஆகவே கவிஞன் அவற்றின் மேல் ஒரு வாழ்க்கையை ஏற்றிவைக்க முடிகிறது. இந்த வரையறை இருபதாம் நூற்றாண்டின் நாவல் ஒன்றில் எதிர்பாராத வகையில் மெய்ப்படுவதைப் பின்னர்க் காண்போம்.

இளங்கோவடிகள் உள்ளுறையின் இந்த நுட்பத்தைத் தனிப்பாட்டிலிருந்து நெடுங்கதைக்கு மாற்றினார். சிலம்பு வழக்குரை காதையில் திடீரென வந்து நிற்பதன்று. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் கண்ணகியின் அடிகள் சிலம்பின்றி இருந்தன. அவன் பொருளிழந்து திரும்பியபோது அவள் நீட்டியதும் சிலம்பே. மதுரையில் ஒரு சிலம்பு விற்பனைக்குப் போகிறது. மற்றொன்று அவளிடம் தங்குகிறது. இணையாக இருக்க வேண்டிய இரண்டு பிரிகின்றன. இணையாக வாழ வந்த இருவரும் அதே நாளில் பிரிகின்றனர். இந்த ஒப்புமையை அடிகள் எங்கும் விளக்கவில்லை. அணிகலனாகவும், விற்பனைப் பொருளாகவும், திருட்டுப் பொருளாகவும், சான்றுப் பொருளாகவும் சிலம்பு அடுத்தடுத்துத் தன் வேலையைச் செய்துகொண்டே போகிறது. அவ்வேலைகளின் திரட்சியே அதன் குறியீட்டு ஆற்றல்.

தொடக்க கால நாவல்கள்

1879-இல் அச்சேறிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' கதைக்குள் கதை சொல்லும் பழைய மரபையும் அறம் புகட்டும் நோக்கத்தையும் சேர்த்துக்கொண்டு பிறந்தது. அதில் பொருள்களுக்குக் கதையை நகர்த்தும் பணி மட்டுமே உண்டு. ஞானாம்பாள் ஆணுடை அணிந்து விக்கிரமபுரியை ஆள்கிறாள். அவ்வுடை அவளைக் காக்கிறது. வியப்பையும் நகைச்சுவையையும் விளைவிக்கிறது. ஒரு பெண் ஆணுடைக்குள் புகுந்தால்தான் அரியணை ஏற முடியும் என்ற உண்மையை அவ்வுடை சொல்லக்கூடும் என்பது இன்றைய வாசகருக்குப் புலனாகிறது. ஆசிரியர் அதனைப் பேசவைக்க வேண்டும் என்று கருதியதாகத் தெரியவில்லை. ஞானாம்பாள் வாய்ச்சொல்லாலேயே நீதிகளை உரைப்பதால் உடை பேசுவதற்கு வாய்ப்பே இல்லாது போயிற்று.

1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் வெளிவந்த பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' ஊர்ப்பேச்சின் உயிரோட்டத்தைத் தமிழ் உரைநடைக்குக் கொணர்ந்தது. வம்பும் அவதூறும் ஒரு குடும்பத்தை அரிப்பதை அந்நாவல் காட்டுகிறது. அங்கும் ஊரின் இயல்பைப் பொருள்களைவிடப் பேச்சே சுமக்கிறது. சுருங்கச் சொன்னால், தமிழ் நாவல் முதலில் பேசக் கற்றது. பின்னரே பார்க்கக் கற்றது எனலாம்.

கல்கியின் மோதிரமும் வாளும்

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் பொருள்களின் நடமாட்டம் மிகுதி. வந்தியத்தேவன் ஓலை சுமந்து வருகிறான். நந்தினி தந்த பனை இலச்சினை மோதிரம் பூட்டிய கதவுகளைத் திறக்கிறது. வானில் தூமகேது தோன்றி மக்களை அஞ்சவைக்கிறது. ஓலையும் மோதிரமும் மரபு வழிவந்தவை. கம்பன் காவியத்தில் அனுமன் கொண்டு சென்ற கணையாழியும், சாகுந்தலத்தில் துருவாசர் சாபத்தை நீக்கிய மோதிரமும் இவற்றின் மூதாதையர். இவற்றை அடையாளப் பொருள்கள் எனலாம். காட்டியவுடன் இவற்றின் வேலை முடிந்துவிடுகிறது.

நந்தினியின் பாதுகாப்பில் உள்ள மீன் சின்னம் பொறித்த வாள் இவற்றினின்று வேறுபட்டது. வீரபாண்டியன் நினைவாக அவள் அதனைக் குழந்தையைப் பேணுவதுபோல் பேணுகிறாள். தாயாகவோ மனைவியாகவோ வாழும் வாய்ப்பை இழந்தவளின் கையில் இரும்பு ஒன்று குழந்தையாகி நிற்கிறது. பழி என்ற சொல் செய்ய முடியாததை அவள் வாளைத் தடவும் விரல்கள் செய்துவிடுகின்றன. ஆதித்த கரிகாலனின் மரணம் எவர் கையால் நேர்ந்தது என்பதைக் கல்கி ஐயத்திலேயே நிறுத்துவதால், அந்த வாளின் மேல் வாசகர் கொண்ட அச்சம் கதை முடிந்த பின்னரும் தீர்வதில்லை. வெகுசன நாவல் என்று ஒதுக்கப்படும் படைப்பிலும் ஒரு பொருள் கதைப்பணியைக் கடந்து பாத்திரத்தின் உள்மனமாக மாறிய இடம் இது.

குறிஞ்சி என்னும் காலக்கணக்கு

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' 1963-இல் வெளிவந்தது. நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் படகர் வாழ்வை அருகிருந்து கண்டு எழுதிய நாவல் இது. சங்கப் புலவர் குறிஞ்சியை ஒரு திணையின் பெயராகக் கண்டனர். ராஜம் கிருஷ்ணன் அதனைக் கடிகாரமாகக் கண்டார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் பூ, அம்மலை மக்களுக்கு வயதைக் கணக்கிடும் அளவு. எத்தனை குறிஞ்சி கண்டவர் என்பதே ஒருவரின் முதுமை.

ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையில் ஹட்டியின் வாழ்வு மாறுகிறது. சாமையும் கொரளியும் விளைந்த நிலத்தில் தேயிலை ஏறுகிறது. கோயிலின் நெருப்பைக் காக்கும் பொறுப்பேற்ற சிறுவன் ஜோகி பழைய அறத்தின் பக்கமும், பட்டணத்துப் பணத்தை நாடிப் போகும் ரங்கன் புதிய வாழ்வின் பக்கமும் நிற்கின்றனர். மின்திட்டத்துக்காக மலை உடைகிறது. பூ மட்டும் மாறாது தன் முறையில் வருகிறது. பூ மாறாதிருப்பதனாலேயே மனிதர் எவ்வளவு மாறிவிட்டனர் என்பதை அளக்க முடிகிறது. அசையாத கோலை நட்டு நிழலின் நகர்வைக் கணிப்பது போன்ற உத்தி இது. தேன் என்ற சொல் தலைப்பில் சேர்ந்திருப்பதும் கருதத்தக்கது. பூ வரும் ஆண்டில் மட்டுமே அத்தேன் கிட்டும். பூக்கும் சரிவுகள் தேயிலைக் காடாகிவிட்டால் வண்டு எங்கே போகும் என்ற வினா அத்தலைப்புக்குள் இருக்கிறது. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது அதனைக் காண மலையேறியோருள் இந்நாவலைப் படித்திருந்தவர்களுக்கு அந்த நீலம் வெறும் காட்சியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

மரம் எதையும் செய்யவில்லை

பொருட்குறியீட்டின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 'சரஸ்வதி' இதழில் சில பகுதிகள் வந்த பின்னர் 1966-இல் நூலாக முழுமை பெற்றது. திருவிதாங்கூர் மன்னராட்சியில் தொடங்கி, விடுதலைக்குப் பிந்திய நகராட்சித் தேர்தல் வரை நீளும் ஓர் ஊரின் கதையை, நாற்சந்தியில் நின்ற ஒரு புளியமரத்தைச் சுற்றி நாவல் பின்னுகிறது.

முன்பு குளத்தின் நடுவில் நின்ற மரம் அது. தாமோதர ஆசானின் வாய்வழிக் கதைகளில் அதன் பழமை விரிகிறது. செல்லத்தாயி அதன் கிளையில் உயிரை மாய்த்துக்கொண்டாள். மன்னர் வருகையின் பொருட்டுக் குளம் தூர்க்கப்பட்டது. பின்பு சாலை வந்தது; கடைகள் வந்தன; காற்றாடித் தோப்பு அழிந்து பூங்கா எழுந்தது; வணிகப் போட்டி அரசியல் பகையாக முற்றியது. மரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அது எவருக்கும் எத்தீங்கும் செய்யவில்லை. மனிதரின் விவகாரங்களில் தலையிடவும் இல்லை. வெறுமனே நின்றதுதான் அது செய்த செயல் என்ற தொனியை ஆசிரியர் தொடக்கத்திலேயே நாட்டிவிடுகிறார்.

இங்கே பொருளுக்கும் மனிதருக்கும் உள்ள உறவு பன்மையாகிறது என்பதே முதன்மையான வளர்ச்சி. நந்தினியின் வாள் நந்தினி ஒருத்திக்கே பொருளுடையது. புளியமரமோ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று: ஆசானுக்குக் கதை, சிறுவருக்குப் புளியங்காய், வணிகருக்கு நிழலும் கூட்டமும், நகராட்சிக்கு வருவாய், வழிப்போக்கருக்கு அடையாளம். இவ்வளவு பேரின் தேவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தபின், ஊரின் வரலாறு முழுவதும் அந்த அடிமரத்தின் வளையங்களில் எழுதப்பட்டிருப்பதுபோல் வாசகருக்குத் தோன்றுகிறது. 'இம்மரம் மரபின் குறியீடு' என்றோ 'இயற்கையின் குறியீடு' என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

மரம் எப்போது சாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மன்னராட்சியில் அது பிழைத்தது. குளம் தூர்ந்தபோதும் பிழைத்தது. தேர்தல் பகையில் ஒரு தரப்பு அதனை வெட்ட வேண்டும் என்றும், மறுதரப்பு காக்க வேண்டும் என்றும் எழுந்தபோதுதான் அதன் முடிவு நெருங்கியது. வெட்ட நினைத்தவர்க்கு அது எதிரியின் கொடி. காக்க நினைத்தவர்க்குத் தம் கட்சியின் கொடி. தெய்வமாக்கிக் காக்கவும் முயற்சி நடக்கிறது. மரத்தை மரமாகப் பார்த்தவர் அச்சண்டையில் எவரும் இல்லை. இறுதியில் நஞ்சு வைத்துக் கொல்லப்படுகிறது. மரம் பட்ட பின்னரும் நாற்சந்திக்கு அதன் பெயர் மட்டும் நிலைக்கிறது.

தெய்வம் ஒழிந்தவற்றையே உள்ளுறைக்கு நிலமாக்கிய தொல்காப்பியரின் வரையறை இங்கு நினைவுக்கு வருகிறது. மனிதர் ஒரு பொருளை ஒற்றைப் பொருள் தாங்கும் சின்னமாகவோ தெய்வமாகவோ மாற்றும்போது அது தன் உயிரை இழக்கிறது. சின்னம் வேறு, குறியீடு வேறு. சின்னம் ஒன்றையே சுட்டும். மாற்றுப் பொருள் கொள்வோரைப் பகைவராக்கும். குறியீடு பலவற்றை ஏற்றுக்கொண்டும் தானாகவே நிற்கும். குறியீட்டைச் சின்னமாக்கினால் என்ன நேரும் என்பதைக் குறியீட்டு நாவலொன்றே கதையாகச் சொல்லியிருப்பது தமிழ் நாவலின் தனிச்சிறப்புகளுள் ஒன்று.

குடமும் குழாயும்

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973-இல் நூலாயிற்று. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் நிலவிய காலம். ஒரு தெரு, அடிகுழாய்கள் வறண்டுபோன வீடுகள், விடியுமுன் குடங்களோடு அலையும் பெண்கள், மாநகராட்சி தோண்டிப் போட்ட பள்ளங்கள், குடிநீரில் கலந்துவிட்ட சாக்கடை. இத்தெருவில் திரைப்பட வாய்ப்பை நம்பி ஏமாந்த ஜமுனாவும், கணவன் இராணுவத்தில் இருக்கத் தனித்து வாழும் அவள் தங்கை சாயாவும் குடியிருக்கின்றனர். எதிர்ப்பட்டு ஆறுதல் தரும் டீச்சரம்மா தன் திருமணத்தின் கசப்பை விழுங்கிக்கொண்டு நாள்களை நகர்த்துபவர்.

புளியமரம் ஊர் நடுவில் உயர்ந்து நின்றது. தலைப்பிலிருந்தே வாசகரின் கவனத்தை ஈர்த்தது. தண்ணீர் அவ்வாறு நிற்பதில்லை. அது இல்லாமையாகவே நாவல் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு குடமும் எங்கிருந்து வந்தது, எத்தனை படி ஏறியது, எவ்வளவு சிந்தியது என்ற கணக்குகளே பக்கங்களை நிரப்புகின்றன. ஆசிரியர் எந்த இடத்திலும் தண்ணீரை அன்பு என்றோ மானம் என்றோ மொழிபெயர்ப்பதில்லை. ஒரு முதியவள் குடத்தோடு சறுக்கி விழுவதை அவர் விவரிக்கும்போது உவமை எதுவும் இல்லை. சிந்திய நீரும் வலியும் மட்டுமே உண்டு. எனினும் வாசிப்பு முடியும்போது, அத்தெருவில் மனிதர் ஒருவர்க்கொருவர் காட்டக்கூடிய பரிவும் அதே அளவில்தான், குடம் குடமாக, கிடைக்கிறது என்பது புலனாகிவிடுகிறது.

நாவல் தன் தலைவிக்குச் சூட்டிய பெயர் ஓர் ஆற்றின் பெயர். ஆற்றின் பெயர் தாங்கிய பெண் வெறுங்குடத்தோடு தெருவில் நிற்கிறாள். இதனைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் ஒரு சொல்லும் செலவிடவில்லை. தற்கொலைக்கு முயன்றவள், டீச்சரம்மாவின் கதையைக் கேட்டபின் மெல்ல மெல்லத் தெருவின் தண்ணீர்த் தேடலில் தன்னை இணைத்துக்கொள்கிறாள். வயிற்றில் ஓர் உயிரைச் சுமந்தபடி அவள் நாளை எதிர்கொள்ளத் துணிவதற்கு எந்தத் தத்துவமும் காரணமாகக் கூறப்படவில்லை. சுமந்து பழகிய உடல் வாழவும் பழகிவிடுகிறது.

1980-இல் மேடையேறி 1981-இல் திரைப்படமான கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' இதே பொருளை வேறு நோக்கில் எடுத்தாண்டது. அங்கே அத்திப்பட்டி மக்களின் தாகம் ஆட்சியாளரை நோக்கிய நேரடிக் குற்றச்சாட்டாக ஒலிக்கிறது. அரங்கத்துக்கு அக்குரல் தேவை. நாவலுக்கு அத்தேவை இல்லை. தனியே அமர்ந்து படிப்பவரிடம் தாழ்ந்த குரலில் பேசினால் போதும். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் அருகருகே வைத்துப் படித்தால், ஒரு பொருள் முழக்கமாவதற்கும் உள்ளுறையாவதற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு மக்கள் மீண்டும் குடங்களோடு வரிசையில் நின்றபோது அசோகமித்திரனின் நாவல் பழங்கதையாகத் தோன்றவில்லை.

கருக்கும் பூவரசும்

1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' தன்வரலாற்றுப் புனைவு. பனைமட்டையின் இருபுறமும் உள்ள அரம்போன்ற விளிம்பே கருக்கு. விறகு பொறுக்கும் சிறுமியின் தோலைக் கீறிய அப்பொருளை, சாதி கீறிய வாழ்வோடு இணைத்துத் தலைப்பாக்கினார் அவர். முன்னுரையிலேயே இவ்விணைப்பைத் தாமே கூறியும் விடுகிறார். குறியீட்டை விளக்கலாகாது என்னும் பொதுவிதிக்கு இது புறம்பானது. ஆயினும் இங்கே விளக்கம் பொருளைக் கொல்லவில்லை. காரணம் எளிது: அந்த மட்டை முதலில் கையைக் கிழித்திருக்கிறது. நூலறிவால் தேடிக் கண்டெடுத்த உவமையாக அது இருந்திருப்பின் முன்னுரையோடு அதன் வேலை முடிந்திருக்கும். பனை ஏறுவோரும் விறகு பொறுக்குவோரும் மட்டுமே அறிந்த ஒரு விளிம்பை இலக்கியத்தின் தலைவாயிலில் பதித்ததன் மூலம், எந்தப் பொருள்கள் குறியீடாகும் தகுதியுடையன என்ற பழைய எல்லையைப் பாமா விரித்தார். தாமரையும் குறிஞ்சியும் நின்ற வரிசையில் பனைமட்டையும் வந்து நின்றது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. மாமனார் வீட்டு முற்றத்தில் பூத்துக் குலுங்கும் பூவரச மரத்தடியில் காளி படுத்திருப்பதில் நாவல் தொடங்குகிறது. திருமணமான புதிதில் அவன் வைத்த மரம் அது. பூவரசு கொம்பை நட்டாலே துளிர்க்கக்கூடியது. பன்னிரண்டு ஆண்டில் கொம்பு மரமாகி நிழல் விரித்துவிட்டது. காளிக்கும் பொன்னாவுக்கும் பிள்ளை மட்டும் இல்லை. அம்மரத்தின் ஒவ்வொரு கிளையும் ஊராரின் ஒவ்வோர் ஏச்சையும் நினைவூட்டும் அளவுகோலாகிறது. நாவலின் இறுதியிலும் ஒரு பூவரசு வருகிறது. இம்முறை அவன் தொண்டுப்பட்டியில், மேலே உள்ள கிளையை அண்ணாந்து பார்க்கிறான். தொடக்கத்தில் நிழலாக இருந்த மரம் முடிவில் ஒரு வினாவாகத் தொங்குகிறது. விடையாக ஆசிரியரே 2014-இல் 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இருவேறு தொடர்ச்சிகளை எழுத நேர்ந்தது அந்தக் கிளையின் பொருள் ஒன்றில் அடங்காமைக்குச் சான்று.

இந்நாவலுக்கு நேர்ந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, 2015 சனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நூலுக்கு எதிரான கோரிக்கைகளை ஏற்க மறுத்து, எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்பூசலில் திருவிழா பற்றிய சில பக்கங்களே பேசப்பட்டன. பூவரசைப் பற்றி எவரும் பேசவில்லை. முழுநாவலும் ஒற்றைப் பொருளுடைய சின்னமாகச் சுருங்கியது. ஒரு தரப்புக்கு இழிவின் சின்னம், மறுதரப்புக்கு உரிமையின் சின்னம். உரிமைக்காக நின்றவர் நியாயத்தின் பக்கமே நின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு தம்பதியரின் பன்னிரண்டு ஆண்டுத் துயரம் இரண்டு கொடிகளுக்கும் நடுவில் கேட்பாரின்றிக் கிடந்தது. நாற்சந்தியில் நின்ற புளியமரத்துக்கு நேர்ந்தது ஒரு நூலுக்கும் நேர்ந்தது.

கவிஞருக்கு எஞ்சும் பாடம்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று நிலைகள் புலப்படுகின்றன. முதல் நிலையில் பொருள் கதையை நகர்த்துகிறது. மோதிரம் காட்டப்பட்டதும் கதவு திறக்கிறது. இரண்டாம் நிலையில் அது ஒரு பாத்திரத்தின் மனத்தைத் தாங்குகிறது. வாள் நந்தினியின் வன்மமாகிறது. மூன்றாம் நிலையில் ஒரு சமூகத்தின் காலமும் உறவும் அதில் படிகின்றன; மரமும் நீரும் ஊராகின்றன. இவை படிப்படியான முன்னேற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று நிலைகளையும் ஒரே சிலம்பில் இளங்கோவடிகள் முன்னரே காட்டியிருக்கிறார். நாவல் தன் வழியில் தட்டுத் தடுமாறி அங்கே வந்து சேர்ந்தது என்பதே பொருந்தும்.

வெற்றி பெற்ற பொருள்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. அவை எல்லாம் முதலில் பயன்பட்டவை. சிலம்பு விலைபோகக்கூடியது, புளியமரம் காய்த்தது, குடம் கனத்தது, கருக்குக் கிழித்தது, பூவரசு நிழல் தந்தது. பயன்பாட்டில் தேய்ந்த இடத்தில்தான் பொருளின் மேல் மனிதரின் கைரேகை பதிகிறது. அந்த ரேகையைப் படித்தவரே நல்ல நாவலாசிரியர்.

புதுக்கவிதையின் வரலாற்றையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழும், 1971-இல் எழுந்த 'வானம்பாடி' இயக்கமும் படிமம், குறியீடு என்னும் சொற்களைத் தமிழ்க் கவிஞரின் அன்றாட வழக்குக்குக் கொண்டுவந்தன. முதலில் எழுதியோரின் சூரியனும் சிறகும் வேரும் விதையும் சுடர்ந்தன. பின்வந்தோர் அவற்றைக் கண்ணால் காணாமலே கடன் வாங்கினர். எந்தப் பறவையின் சிறகு, எந்த நிலத்தின் விதை என்று கேட்டால் விடை சொல்ல இயலாத கவிதைகள் பெருகின. பொருள் போய்க் குறி மட்டும் எஞ்சியது. பட்டுப்போன மரத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் நாற்சந்தியைப் போன்றவை அக்கவிதைகள்.

இன்று அம்மியும் உரலும் பல வீடுகளில் மூலைக்குப் போய்விட்டன. பித்தளைக் குடத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் குடம் பிடித்து நாளாயிற்று. குடத்தின் வேலையைப் பெரிய தண்ணீர்ப் புட்டிகள் செய்யும் வீடுகளும் பெருகிவிட்டன. குடத்தை இடுப்பில் வைத்து அறியாத தலைமுறை 'தண்ணீர்' நாவலைப் படிக்கும்போது, அதன் கனத்தை ஆசிரியரின் சொற்களிலிருந்தே பெற வேண்டும். அச்சொற்கள் உருவகத்தால் நிரம்பியிருந்தால் கனம் என்றோ கரைந்திருக்கும். எத்தனை படி, எவ்வளவு நீர், எந்தக் கை வலித்தது என்று அசோகமித்திரன் கணக்கெழுதி வைத்ததனால் அது இன்னும் கனக்கிறது. புழக்கத்திலிருந்து மறைகின்ற பொருள்களுக்கு இலக்கியம் கடைசி இருப்பிடமாகிறது. அங்கும் அவை வெறும் குறிகளாகவே வைக்கப்பட்டிருந்தால், அவற்றை மீண்டும் காண வேறு வழியில்லை.

ஆதலின் பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்தும் திருத்தியும் வருகின்ற ஒரு வட்டத்தில், ஒரு புதிய கவிதை வாசிக்கப்படும்போது 'இது எதன் குறியீடு?' என்ற வினாவுக்கு முன்னர் மற்றொரு வினா எழுவது நலம். இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, யார் கையில் இருந்தது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பதே அவ்வினா. கண்ணகி அவையில் நின்று சிலம்பின் தத்துவத்தைப் பேசவில்லை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று மட்டுமே சொன்னாள். அது அவள் அணிந்து, கழற்றி, எடுத்துக் கொடுத்த சிலம்பு. ஆகவே அதனுள் இருப்பது என்ன என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.